அந்தச் சிப்பிக்கு என்ன நடக்கும்?



சில மாதங்களுக்கு முன்னர் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மன ஆறுதல் பற்றிப் பேசுவதற்கு வெளியிலிருந்து ஒருவரை அழைத்திருந்தார்கள். நல்ல மனிதர், அக்கறையோடுதான் பேசினார். பேச்சின் முடிவில் திரையில் ஒரு படம் காட்டினார். கறுப்பும் பச்சையும் கலந்து மினுங்கும் முத்துக்களால் கோத்த மாலை அது.

"சிப்பிக்குள் ஒரு மணல் போகிறது. சிப்பிக்கு வலிக்கிறது. ஆனால் அது அழுவதில்லை. அந்த வலியையே முத்தாக்கிவிடுகிறது. உங்கள் துன்பமும் ஒருநாள் இப்படி முத்தாகும்" என்று சொல்லி முடித்தார்.

எல்லோரும் கைதட்டினோம். அப்போது பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழும்பினார். 2009 இல் காணாமற்போன மகனை இன்றும் தேடிக்கொண்டிருப்பவர். "சேர், முத்தை எடுத்தாப் பிறகு அந்தச் சிப்பிக்கு என்ன நடக்கும்?" என்று கேட்டார்.

சிலர் சிரித்தார்கள். அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. பேச்சாளருக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்து, "பிள்ளை, நீ எழுதுகிற ஆள்தானே. அறிஞ்சு எழுது" என்றார். ஆகவே இம்மாதப் பக்கம் அவருக்கான பதில்.

படத்தில் இருந்த மாலையைப் பற்றி முதலில் சொல்கிறேன். அதைக் கறுப்பு முத்து என்றும் தாஹிட்டி முத்து என்றும் சொல்வார்கள். பிரான்சிலிருந்து வந்திருந்த என் பெறாமகளின் கழுத்தில் அப்படி ஒரு முத்து தொங்கியது. ஒற்றை முத்துப் பதக்கம். கழற்றித் தரச் சொல்லி, வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கறுப்பு என்று பெயரே தவிர அது கரிக் கறுப்பு அல்ல. அடியில் கரும்சாம்பல் நிறம்; அதன் மேலே பச்சையும் ஊதாவும் ஓடுகின்றன. நாங்கள் சேலைக்குச் சொல்லும் மயில்கழுத்து நிறம்தான். வியாபாரிகளும் இந்தச் சாயலை மயிலின் பெயரால்தான் அழைக்கிறார்கள். அதற்கே அதிக மதிப்பு. கத்தரிப்பூ நிறம், புறா நிறம், செம்பு நிறம், கடும் பச்சை என்று வேறு சாயல்களும் உண்டு. முழுக் கறுப்பு மிக அரிது.

இந்த நிறம் சாயம் அல்ல. சிப்பியே கொடுத்தது. தென் பசுபிக் சமுத்திரத்தில் பிரெஞ்சு பொலினீசியா என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்டது. தாஹிட்டி அதன் பெரிய தீவு. அங்குள்ள துவாமோட்டு, காம்பியர் தீவுகளின் உட்கடல்களில் கறுப்பு உதட்டுச் சிப்பி என்ற இனம் வாழ்கிறது. ஓட்டின் உட்புறம் நடுவில் வெள்ளியாக மினுங்கும். ஓரத்துக்கு வர வரக் கறுக்கும். அதனால் அந்தப் பெயர். அறிவியலில் பிங்டாடா மார்கரிட்டிஃபெரா என்பார்கள். எங்கள் மன்னார்க் கடலின் முத்துச்சிப்பி இதற்குச் சொந்தக்கார இனம்தான். ஆனால் அளவில் மிகவும் சிறியது. அதன் முத்து வெள்ளையாகவோ மஞ்சள் கலந்தோ இருக்கும். கறுப்பு உதட்டுச் சிப்பியோ ஒரு சாப்பாட்டுத் தட்டளவுக்கும் வளரக்கூடியது.

இனி அந்த மணல் கதை. மணல் புகுந்து முத்தாகிறது என்பது நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் கேட்ட கதை. சிப்பி கடலடியில் மணலோடும் சேற்றோடும்தான் வாழ்கிறது. உள்ளே வரும் மணலைத் தண்ணீரோடு வெளியே தள்ளிவிட அதற்குத் தெரியும். ஒவ்வொரு மணலுக்கும் ஒரு முத்து என்றால் மன்னார்க் கரை முழுவதும் முத்தாகக் குவிந்திருக்கும்.

இதை ஆராய்ந்த இடங்களில் ஒன்று எங்கள் கடலே. மன்னார் வளைகுடாவில் சிப்பி வாழும் இடங்களைப் பார் என்று அழைத்தார்கள். சிலாபத்துறைக்கும் அரிப்புக்கும் அப்பால் இருந்த அந்தப் பார்களில் நூற்றாண்டுகளாக முத்துக்குளிப்பு நடந்தது. சில வருடங்கள் சிப்பி குவியும். பிறகு பல வருடங்கள் ஒன்றும் கிடையாது. காரணம் அறிவதற்காக ஆங்கில அரசு 1902 இல் ஹேர்ட்மன் என்ற பேராசிரியரை இங்கே அனுப்பியது. அவரும் ஹோர்னெல் என்பவரும் சிப்பிகளை வெட்டிப் பார்த்தார்கள். பல முத்துக்களின் நடுவே ஒட்டுண்ணிப் புழுவின் குஞ்சு இருந்ததாக எழுதினார்கள். மணலால் முத்து உண்டாவது அரிது என்பதே அவர்கள் முடிவு. புழுதான் ஒரே காரணமா என்பதில் பின்னர் வாதங்கள் வந்தன. மணல் காரணமல்ல என்பதில் மாற்றமில்லை. அந்த ஆராய்ச்சியால் மன்னாருக்கு வாழ்வு வரவில்லை. 1906 இல் பார்களை ஒரு கம்பனிக்கு 20 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். சில வருடங்களிலேயே சிப்பி இல்லாமல் கம்பனி முறிந்தது. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய ஆங்கிலத் தேசாதிபதி நோர்த் கட்டிய மாளிகையின் இடிபாடு மட்டும் இன்றும் அரிப்புக் கரையில் நிற்கிறது.

முத்து உண்டாவது இப்படித்தான். சிப்பியின் ஓட்டுக்கு உட்புறம் மெல்லிய சவ்வு ஒன்று போர்வை போல இருக்கும். ஓட்டின் மினுக்கத்தைச் செய்வது அந்தச் சவ்வே. புழுவோ நண்டோ கடித்து அந்தச் சவ்வின் ஒரு சிறு துணுக்கு பிரிந்து உடலுக்குள் போய்விட்டால், அது அங்கேயும் தன் வேலையைத் தொடரும். ஒரு பையாக வளர்ந்து, உள்ளே படைபடையாக மினுக்கத்தைப் பூசும். அதுவே முத்து. ஆகவே முத்தைச் செய்வது வலி அல்ல. உயிரோடு மிஞ்சிய ஒரு துணுக்குச் சதை, தனக்குத் தெரிந்த வேலையைச் செய்வதால் வருவது.

இதைக் கண்டுபிடித்த பிறகு மனிதன் சும்மா இருப்பானா? யப்பானில் மிகிமோட்டோ என்பவர் 1893 இல் சிப்பியில் அரை முத்து வளர்த்துக் காட்டினார். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருண்டை முத்து வளர்க்கும் முறையும் கைவந்தது. அதே முறையைப் பொலினீசியாவின் கறுப்பு உதட்டுச் சிப்பியில் 1960களில் முயன்றார்கள். டொமார்ட் என்ற பிரெஞ்சு அதிகாரி யப்பானியக் கைவினைஞர் ஒருவரை அழைத்துச் சோதனை செய்தார். 1966 இல் மனிஹி என்ற பவளத்தீவில் முதலாவது வியாபாரப் பண்ணை தொடங்கியது. அதற்கு முன்னர் அந்தச் சிப்பியை ஓட்டுக்காகவே எடுத்தார்கள். ஐரோப்பாவின் சட்டைகளுக்குத் தெறி செய்ய அந்த ஓடும் போனது. அள்ளி அள்ளிச் சிப்பி அருகியது. பிறகு பிளாஸ்ரிக் தெறி வந்து அந்தத் தொழிலும் படுத்தது.

பண்ணையில் நடப்பதைச் சொல்கிறேன். பொறுமையாகக் கேளுங்கள், அந்த அம்மாவின் பதில் இங்கேதான் இருக்கிறது.

முட்டையிலிருந்து வந்த சிப்பிக் குஞ்சு ஏறக்குறைய மூன்று கிழமை கடலில் மிதக்கும். பிறகு ஒட்டிக்கொள்ள இடம் தேடும். அதற்காகத் தண்ணீருக்குள் நாரும் வலையும் கட்டித் தொங்கவிடுவார்கள். ஒட்டிய குஞ்சுகளைப் பிரித்து, இரண்டு மூன்று வருடம் கயிற்றில் வளர்ப்பார்கள். உள்ளங்கையளவு வந்ததும் சத்திரசிகிச்சை.

இதற்கு இரண்டு சிப்பி வேண்டும். ஒன்றின் சவ்வை எடுத்துச் சிறு சிறு துண்டுகளாக நறுக்குவார்கள். அந்தச் சிப்பி இறந்துவிடும். நல்ல நிறமுள்ள ஓட்டைப் பார்த்தே அதைத் தெரிவு செய்வார்கள். ஏனெனில் முத்தின் நிறம் பெரிதும் அந்தத் துண்டிலிருந்துதான் வருகிறது. மற்றச் சிப்பியை ஒரு விரல் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து, அதன் கருவணு உறுப்பில் சிறு வெட்டுப் போட்டு, ஒரு மணியையும் அதோடு ஒட்டியபடி ஒரு சவ்வுத் துண்டையும் வைப்பார்கள். அந்த மணி அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து மட்டி ஓட்டில் கடைந்த வெள்ளை உருண்டை. வெட்டும் கைக்கு நிதானம் வேண்டும். கண் ஆஸ்பத்திரிச் சத்திரசிகிச்சை போன்ற நுட்பமான வேலை.

ஆக, நிறத்தைக் கொடுத்த சிப்பி ஒன்று. சுமக்கும் சிப்பி வேறொன்று. நகைக்கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் முத்தைப் பார்ப்பவருக்கு இரண்டுமே தெரியாது.

சகோதரிகளே, இதற்குப் பிறகு செய்வதை வாசித்தபோது நான் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டேன். வெட்டுப் போட்ட சிப்பியை உடனே வேலைக்கு விடுவதில்லை. அமைதியான தண்ணீரில், ஆட்டாமல் அசைக்காமல், வலைப்பையில் வைத்துத் தொங்கவிடுவார்கள். யப்பானில் இந்தக் காலத்துக்கு யோஜோ என்று தனிப் பெயரே இருக்கிறது. நோயாளி உடம்பு தேறுவதற்கு இருக்கும் ஓய்வுக்குச் சொல்லும் அதே சொல். வெட்டு ஆறினால்தான் அந்தச் சவ்வுத் துண்டு பிடித்து, மணியைச் சுற்றிப் பையாக வளரும். ஆறாவிட்டால் சிப்பி மணியை வெளியே தள்ளிவிடும், அல்லது இறந்துபோகும். ஆறாத காயத்தில் முத்து வளராது. இது பண்ணைக்காரர் ஒவ்வொருவருக்கும் தெரிந்த பாலபாடம்.

ஆறிய பிறகும் அதைச் சும்மா விட்டுவிட முடியாது. ஓட்டில் பாசியும் கடற்பூச்சியும் படியும். அவ்வப்போது எடுத்துச் சுரண்டிக் கழுவித் திரும்பத் தொங்கவிட வேண்டும். இப்படி ஒன்றரை வருடம், இரண்டு வருடம். குஞ்சு பிடித்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் ஒரு முத்துக்கு நாலைந்து வருடம். அவ்வளவும் செய்து திறந்தாலும் பலவற்றில் கோணல் முத்து, வரி விழுந்த முத்து, புள்ளி விழுந்த முத்து. குறையில்லாத உருண்டை முத்து நூற்றுக்கு ஒரு சிலதான்.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். முத்தை எடுத்த பிறகு என்ன நடக்கும்? நல்ல முத்துத் தந்த சிப்பி என்றால், அதே இடத்தில் அதைவிடப் பெரிய மணியை வைத்துத் திரும்பக் கடலில் விடுவார்கள். பை முன்னமே இருப்பதால் புதிய சவ்வுத் துண்டும் தேவையில்லை. இப்படி இரண்டு முறை, சிலவேளை மூன்று முறை. பிறகு அதன் வேலை முடிந்துவிடும். சதையைச் சமைத்து உண்பார்கள். ஓட்டைத் தெறிக்கும் பதிப்பு வேலைக்கும் விற்பார்கள். முத்து தராத சிப்பிக்கு இந்த முடிவு முதல் தடவையிலேயே வரும்.

அதாவது அம்மா, சிப்பிக்கு முத்தினால் ஒரு நன்மையும் இல்லை. அது கழுத்தில் போடுவதில்லை. விலையும் அதற்கு வருவதில்லை. அதைக் கேட்டு யாரும் வெட்டுவதும் இல்லை.

சிப்பி எதனால் சாகிறது என்பதும் அறிய வேண்டியது. பொலினீசியாவுக்கு மேற்கே குக் தீவுகளைச் சேர்ந்த மனிஹிகி என்ற சின்னத் தீவு இருக்கிறது. அங்கேயும் கறுப்பு முத்துத்தான் சீவியம். 1997 நவம்பரில் மார்ட்டின் என்ற சூறாவளி அந்தத் தீவை அடித்தது. 19 உயிர்கள் போயின. வீடுவாசல் அழிந்து சனம் இடம்பெயர்ந்தது. எங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டிய காட்சி இல்லை. திரும்பி வந்தவர்கள் முத்தை நம்பியே எழும்பினார்கள். விட்டதைப் பிடிக்கும் அவசரத்தில் கயிறு நெருங்கியது, சிப்பி நெருங்கியது. 2000 ஆம் ஆண்டின் கடைசியில் காற்று ஓய்ந்து, தண்ணீர் சூடேறி, ஓட்டமில்லாமல் தேங்கியபோது நோய் பரவிப் பெருந்தொகைச் சிப்பிகள் மடிந்தன. வெட்டைத் தாங்கிய சிப்பி நெரிசலைத் தாங்கவில்லை. முகாமில் இருந்து வந்தவர்களுக்கு இதையும் நான் விளக்க வேண்டியதில்லை.

விளம்பரப் படங்களில் அந்தப் பசுபிக் கடல் மாசே படாத சொர்க்கமாகத் தெரியும். அதுவும் முழு உண்மையல்ல. முதலாவது பண்ணை தொடங்கிய அதே 1966 இல், ஜூலை 2 ஆம் திகதி, பிரான்ஸ் மொருறோவா என்ற பவளத்தீவில் தன் முதலாவது பசுபிக் அணுகுண்டுச் சோதனையை நடத்தியது. கதிர்த்தூசி காற்றோடு போய், இன்று முத்துக்குப் பெயர்பெற்ற காம்பியர் தீவுகளில் மக்கள் மேல் விழுந்தது. 1996 வரை மொத்தம் 193 சோதனைகள். பாதிக்கப்பட்டவர்களுக்கு நட்டஈடு கொடுக்கச் சட்டம் வந்ததோ 2010 இல். அந்தத் தீவுப் பெண்களும் பத்திரங்களோடு காத்திருக்கப் பழகியவர்கள்தான்.

இனி மதிப்பு என்ற விடயம். 1970களில் இந்தக் கறுப்பு முத்து முதன்முதல் நியூயோர்க்குக்குப் போனபோது வாங்க ஆள் இல்லை. முத்து என்றால் வெள்ளை என்பது அவர்கள் நினைப்பு. துப்பாக்கி இரும்பின் நிறம் என்று ஒதுக்கினார்கள். முத்து வியாபாரி சல்வடோர் அசாயல் பொறுத்திருந்து, இன்னும் நல்ல முத்துக்கள் கிடைத்த பிறகு அவற்றைப் பெயர்பெற்ற நகை வியாபாரி ஹரி வின்ஸ்ரனிடம் கொண்டுபோனார். வின்ஸ்ரன் கடைக் கண்ணாடியில் பெரிய விலை போட்டு வைத்தார். வைரத்துக்கும் மாணிக்கத்துக்கும் பக்கத்தில் வைத்து விளம்பரம் வந்தது. அதன் பிறகு பணக்காரப் பெண்கள் தேடி வாங்கினார்கள். 1976 இல் அமெரிக்க இரத்தினக்கல் நிறுவனம் இந்த நிறம் இயற்கையானது என்று ஆய்ந்து உறுதி செய்தது. நிறம் மாறவில்லை. பார்த்தவர்களின் கண் மாறியது.

அதே கண் திரும்பவும் மாறும். 1980களில் ஒரு கிராம் நூறு டொலர் அளவில் விற்ற முத்து, பண்ணைகள் பெருகி உற்பத்தி கூடியதும், 2010 அளவில் பத்து டொலருக்கும் கீழே இறங்கியது. சிறு பண்ணைக் குடும்பங்கள் பல தொழிலை விட்டன. 2020 இல் கொரோனாவால் சந்தையே மூடியது. பிறகு சீன வாங்குநர்களால் 2023 அளவில் விலை மீண்டும் ஏறியது. சிப்பி செய்த வேலையில் ஒரு மாற்றமும் இல்லை. ஆகவே சகோதரிகளே, சந்தை சொல்லும் விலையை வைத்து எதனுடைய தகுதியையும், எவருடைய தகுதியையும் அளக்க வேண்டாம்.

நகையாகப் பார்க்க விரும்புபவர்களுக்குச் சில குறிப்புகள். வெளிநாட்டிலிருக்கும் உறவினர் பரிசாகக் கொண்டுவருவதும் உண்டு. ஆகவே அறிந்திருப்பது நல்லது.

இந்த முத்து பெரும்பாலும் 8 முதல் 14 மில்லிமீற்றர் வரை இருக்கும். ஒரு கழுத்து மாலைக்கு 35, 40 முத்து வேண்டும். ஒவ்வொரு முத்தும் வேறு வேறு சிப்பியுடையது. எனவே அளவும் நிறமும் மினுக்கமும் ஒத்துப்போகப் பல்லாயிரத்தில் தேடிச் சேர்ப்பார்கள். நல்ல மாலை விலை கூடியதாக இருப்பது இதனால்தான். தனி முத்தென்றால் தோடு, மோதிரம், பதக்கம். வெள்ளைத் தங்கத்திலும் மஞ்சள் தங்கத்திலும் பதிப்பார்கள். கோணல் முத்தும் வரி முத்தும் விலை குறைவு. ஆனால் வடிவில் குறைவில்லை.

கடையில் மலிவாகக் கிடைக்கும் கறுப்பு முத்தில் பெரும்பகுதி, நன்னீரில் வளர்த்த வெள்ளை முத்துக்குச் சாயம் ஏற்றியது. சாயம் என்று சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை. சொல்லாமல் விற்பதுதான் களவு. துளை போட்ட இடத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். சாயம் அங்கே திட்டாகத் தேங்கி நிற்கும். மாலை முழுவதும் ஒரே கரிக் கறுப்பாக, ஒரே அச்சாக இருந்தாலும் சந்தேகிக்க வேண்டும். இயற்கை நிறத்தில் முத்துக்கு முத்து ஒரு சிறு வேறுபாடு இருக்கும். ஐயமற அறிவதற்கு ஆய்வுகூடம் உண்டு. புற ஊதா வெளிச்சத்தில் கறுப்பு உதட்டுச் சிப்பியின் முத்து செம்மையாக ஒளிரும். சாயத்தில் அது தெரியாது.

முத்து எளிதில் பழுதாகக்கூடியது. புளி, வினாகிரி, வியர்வை, வாசனைத் திரவியம் எதுவும் அதற்கு ஆகாது. உடுத்து முடித்து, பவுடரும் போட்ட பிறகு கடைசியாக அணியுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றுங்கள். ஈரமான மெல்லிய துணியால் துடைத்தால் போதும். சவர்க்காரத் தூள் போடாதீர்கள். மாலையைப் பட்டுநூலில் முத்துக்கு முத்து முடிச்சிட்டுக் கோக்க வேண்டும். அறுந்தாலும் ஒரு முத்துத்தான் விழும்.

முக்கியமான ஒன்று. அவசரத்துக்கு அடைவு வைக்க உதவும் என்று முத்து நகை வாங்காதீர்கள். அடைவுக்கடையில் முத்தின் நிறையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கே பணம் தருவார்கள். சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசென்றால் சின்னத் தோடானாலும் தங்கமே உதவும். முத்து ஆசைக்கு, தங்கம் ஆபத்துக்கு.

பீஜி, தொங்கா போன்ற தீவுகளில் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து சிப்பி ஓட்டில் தோடும் பதக்கமும் செய்து விற்கிறார்கள். முத்தை விடுங்கள், ஓடே அவர்களுக்கு ஒரு சிறு வருமானம். சங்கும் சிப்பியும் கரையில் கிடக்கும் எங்கள் ஊர்ச் சங்கங்களும் இதை யோசிக்கலாம்.

இவ்வளவும் அறிந்த பிறகு, போன மாதம் அந்த அம்மாவைத் தேடிப் போனேன். முற்றத்தில் இருந்து ஓலை பின்னிக்கொண்டிருந்தார். மணல் கதை பொய் என்று தொடங்கி, வெட்டு, மணி, ஓய்வு, இரண்டாம் மணி, ஓடு எல்லாவற்றையும் சொன்னேன். கை நிற்கவில்லை, காது கேட்டுக்கொண்டே இருந்தது. நான் முடித்ததும் ஒரே ஒரு விடயத்தைத் திரும்பக் கேட்டார்.

"வெட்டினாப் பிறகு ஆறவிட்டவையோ?"

"ஓம் அம்மா. ஆறவிடாட்டில் முத்து வராது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "சிப்பியை ஆறவிட்டுத்தான் முத்துக் கேட்கினம், பிள்ளை. எங்களிட்ட மட்டும் ஆறமுன்னமே கேட்கினம்."

அடுத்த முறை யாராவது எங்கள் கூட்டத்துக்கு வந்து துன்பம் முத்தாகும் என்று சொன்னால், கைதட்டுவதற்கு முன்னர் ஒன்றைக் கேட்போம். ஆறுவதற்கு இடம் எங்கே? தேங்காத தண்ணீர் எங்கே? கால அவகாசம் எங்கே? தேடுகிறவருக்குப் பதில் எங்கே? இவை வந்த பிறகு முத்து வந்தாலும் நல்லது, வராவிட்டாலும் குற்றமில்லை. சிப்பி முத்துக்காகப் பிறக்கவில்லை, வாழ்வதற்காகவே பிறந்தது.

அடுத்த மாதம் சந்திப்போம்.